காற்றின் கணக்கு

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத காற்று, பல டன் எடையைத் தாங்கி நிற்கிறது. சரக்குப் பெட்டகங்களை அடுக்கும் ஊர்திகளும் வயலை உழும் டிராக்டர்களும் மண்ணை அள்ளும் இயந்திரங்களும் டயருக்குள் அடைபட்ட காற்றின் வலிமையால் இயங்குகின்றன. அக்காற்றை விரைவாகவும் சிக்கனமாகவும் நிரப்புவது எவ்வாறு? அதில் பொதிந்துள்ள அறிவியலையும் அத்தொழிலைச் செய்வோரின் உயிர்ப்பாதுகாப்பையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வடசென்னையின் சாலைகள்

சென்னையில் பேசின் பாலத்தைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழி, வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம் ஆகிய ஊர்களின் வழியாகச் செங்குன்றத்தை அடைகிறது. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைத்த பெரிய வடக்குப் பெருவழியின் தொடக்கப் பகுதி இது. வியாசர்பாடிக்குக் கிழக்கே தண்டையார்பேட்டையும் இராயபுரமும் துறைமுகமும் அமைந்துள்ளன. வடகிழக்கே மணலி, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொழிற்பகுதிகள் கடற்கரையை ஒட்டி நீள்கின்றன. கப்பலில் வந்திறங்கும் சரக்கும், கப்பலேறக் காத்திருக்கும் சரக்கும் இப்பகுதியின் சாலைகளில் இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

சரக்கு நகர வேண்டுமெனில் சக்கரம் உருள வேண்டும்; சக்கரம் உருள டயரில் காற்று இருக்க வேண்டும். எனவேதான், சரக்கூர்திகள் செல்லும் சாலைகளின் ஓரத்தில் காற்றடிக்கும் கடைகள் இடம்பெறுகின்றன. ஒரு கம்ப்ரசர், அதனுடன் இணைந்த காற்றுத்தொட்டி, நீண்ட ரப்பர் குழாய், அழுத்தத்தைக் காட்டும் கேஜ், துளையைக் கண்டறிய உதவும் நீர்த்தொட்டி ஆகியவையே அக்கடைகளின் உடைமைகள். பார்ப்பதற்கு எளிய தொழிலாகத் தோன்றினாலும், இயற்பியலின் அடிப்படை விதிகள் பலவும் அங்கே நாள்தோறும் செயற்படுகின்றன.

துருத்தி முதல் டயர் வரை

காற்றை வேலைக்கு ஆட்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. காற்றின் இயல்பறிந்து கடலில் கலம் செலுத்திய சோழர்குல முன்னோரை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். கொல்லனது உலைக்களத்தில் நெருப்பை மூட்டும் துருத்தி, சங்கப் பாடல்களில் உவமையாக இடம்பெறுகிறது. வெளிக்காற்றை உள்ளிழுத்து, அமுக்கி, குறுகிய வாயின்வழி விசையுடன் வெளியேற்றுவது துருத்தியின் தொழில். இன்றைய கம்ப்ரசரின் தொழிலும் அடிப்படையில் இதுவே.

காற்றைச் சக்கரத்துக்குள் அடைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1839ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதியும் நெகிழ்வும் பெறுவதைக் கண்டறிந்தார். 1845இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளே ஓடிய அக்காலத்தில் அக்கண்டுபிடிப்பு பரவலான வரவேற்பைப் பெறவில்லை. பின்னர், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்காக 1887இல் காற்றடைத்த டயரை உருவாக்கினார். மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். ஆயினும் தாம்சனின் முந்தைய காப்புரிமை வெளிச்சத்திற்கு வந்ததால், டன்லப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று. கண்டுபிடித்த பெருமை தாம்சனையும், அதை உலகெங்கும் உருளச் செய்த பெருமை டன்லப்பையும் சேர்ந்தன.

டயருக்குள் காற்றைச் செலுத்தவும், செலுத்திய காற்று வெளியேறாமல் தடுக்கவும் ஒருவழிக் கதவு ஒன்று தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்த வால்வுக்கு ஆகஸ்ட் ஷ்ரேடர் 1893இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று காரிலும் லாரியிலும் காணப்படும் வால்வு அதன் வழிவந்ததே.

பலூனும் டயரும்

காற்றடைத்த பொருள்களின் வரலாற்றில் திருவொற்றியூருக்குத் தனியிடம் உண்டு. 1946ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, அங்கே ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 'மெட்ராஸ் ரப்பர் பேக்டரி' எனப் பெயர்பெற்ற அத்தொழிலகம், 1952இல் தேய்ந்த டயரைப் புதுப்பிக்க உதவும் மேற்பட்டை ரப்பரை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1961இல் மேன்ஸ்பீல்டு என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் டயர் உற்பத்தியிலும் இறங்கியது. இன்று எம்.ஆர்.எப். என்னும் பெயரில் அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. அருகிலுள்ள எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர்மாறி, சரக்கூர்தித் தயாரிப்பில் முன்னணி இடம் பெற்றது. டயர், அதைப் பூட்டும் ஊர்தி, அவ்வூர்தி ஏற்றிச் செல்லும் சரக்கு ஆகிய மூன்றும் ஒரே கடற்கரைப் பகுதியில் ஒன்றுகூடின.

பலூனும் டயரும் ஒரே கொள்கையில் இயங்குபவை. இரண்டிலும் அடைபட்ட காற்று எல்லாத் திசைகளிலும் சுவரை அழுத்துகிறது. பலூனின் சுவர் விரிந்துகொடுக்கும். டயரின் சுவரோ துணியிழைகளாலும் எஃகுக் கம்பிகளாலும் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் மிகுதியாக விரியாமல் அழுத்தத்தை ஏற்கிறது. அந்த அழுத்தமே சுமையைத் தாங்குகிறது.

சாலை சாரா ஊர்திகள்

டயரின் காற்றழுத்தம், ஊர்தியின் சுமைக்கும் அது ஓடும் தரைக்கும் ஏற்ப மாறுபடும். கார் டயருக்குச் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 35 பவுண்டு அழுத்தம் போதும். சரக்கு லாரியின் டயருக்கு 110 பவுண்டு அளவில் தேவைப்படும். இவ்வளவையே கடைகளில் 'பி.எஸ்.ஐ.' என்கின்றனர்.

பொதுச்சாலைகளில் ஓடாது, தமக்குரிய களங்களில் மட்டும் இயங்கும் ஊர்திகள் சாலை சாரா ஊர்திகள் எனப்படும். சென்னைத் துறைமுகத்தில் 1983இல் பெட்டகங்களைக் கையாளும் தனி முனையம் செயற்படத் தொடங்கியது. 2001இல் எண்ணூரில் தொடங்கப்பட்ட துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர்பெற்றுள்ளது. இத்தகைய துறைமுகங்களில் பெட்டகங்களைத் தூக்கி அடுக்கும் ஊர்திகளும், நிலக்கரியையும் மண்ணையும் அள்ளும் இயந்திரங்களும் சாலை சாரா ஊர்திகளே. பெட்டகம் அடுக்கும் ஊர்தியின் டயர் மனிதனின் மார்பளவுக்கும் மேலாக உயர்ந்து நிற்கும். அதன் காற்றழுத்தம் 145 பவுண்டை நெருங்கும்.

வயலிலும் மணலிலும் நிலைமை வேறு. அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதே நன்று. அழுத்தம் குறையும்போது டயர் சற்றுத் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. எடை பரவலாக இறங்குவதால் சக்கரம் மணலில் புதைவதில்லை; வயல்மண்ணும் இறுகிப்போவதில்லை. ஆயின் அதே ஊர்தி தார்ச்சாலைக்குத் திரும்பும்போது குறைந்த காற்றுடன் விரைந்து ஓடினால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும், எரிபொருளும் வீணாகும், டயரும் சிதையும். எனவே, இறக்கிய காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும். விரைவாகக் காற்று நிரப்ப வேண்டிய தேவை இங்குதான் மிகுகிறது.

தெரியுமா?

இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் அமெரிக்காவில் உருவான 'டக்' என்னும் நீர்நில ஊர்தியில், ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடலிலிருந்து கரையேறும்போது மணலுக்கேற்பக் காற்றைக் குறைத்து, சாலையை அடைந்ததும் கூட்டிக்கொள்வர். இன்றைய இராணுவ ஊர்திகள் பலவற்றிலும் சில டிராக்டர்களிலும் இவ்வமைப்பு உள்ளது.

எவ்வளவு காற்று வேண்டும்?

விரைவாக நிரப்புவதற்கு முன், நிரப்ப வேண்டிய காற்றின் அளவை அறிதல் வேண்டும். 1662இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதற்கு உதவுகிறது. வெப்பநிலை மாறாதவரை, குறிப்பிட்ட நிறையுள்ள காற்றின் அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் அமையும் என்பது அவ்விதி. காற்றைப் பாதி இடத்திற்குள் அடக்கினால் அதன் அழுத்தம் இருமடங்காகும்.

லாரி டயர் ஒன்றின் உட்கொள்ளளவு 150 லிட்டர் எனக் கொள்வோம். அதில் 110 பவுண்டு அழுத்தம் வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. 110ஐ 14.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.5 கிடைக்கும். எனவே, அந்த டயருக்குள் கூடுதலாகச் செலுத்த வேண்டிய வெளிக்காற்றின் அளவு 150 × 7.5 = 1,125 லிட்டர்.

நிமிடத்திற்கு 300 லிட்டர் வெளிக்காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர், இதனை நிரப்ப நான்கு நிமிடங்கள் அளவில் எடுத்துக்கொள்ளும். கார் மின்கலத்தில் இயங்கி நிமிடத்திற்கு 35 லிட்டர் மட்டுமே தரும் சிறு கருவிக்கோ அரைமணி நேரத்திற்கு மேல் ஆகும். துறைமுக ஊர்தியின் டயர் 500 லிட்டர் கொள்ளளவும் 145 பவுண்டு அழுத்தமும் உடையதெனில், அதற்கு வேண்டிய வெளிக்காற்று ஏறத்தாழ 5,000 லிட்டர். 300 லிட்டர் கம்ப்ரசருக்கே அது பதினேழு நிமிட வேலை.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கம்ப்ரசரை வாங்குவோர் பெரும்பாலும் அது எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தையே பார்க்கின்றனர். உச்ச அழுத்தம், டயரை எந்த அளவுவரை நிரப்ப முடியும் என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு விரைவில் நிரப்ப முடியும் என்பதைச் சொல்வது, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று கிடைக்கிறது என்னும் அளவே. அதிலும், அழுத்தம் உயர உயரக் கருவி தரும் காற்றின் அளவு குறையும். ஆதலால், டயருக்குத் தேவையான அழுத்தத்தில் அக்கருவி எத்தனை லிட்டர் தரும் என்று கேட்டறிவதே பொருத்தம்.

சேமிப்பும் வழியும்

கம்ப்ரசரின் திறனை மாற்றாமலே காற்று நிரப்பும் நேரத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. முன்கூட்டியே காற்றைச் சேமித்து வைத்தல் ஒன்று. காற்று செல்லும் பாதையை அகலமாக்குதல் மற்றொன்று.

கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கம்ப்ரசர் ஓடித் தொட்டியை நிரப்பி வைக்கிறது. 500 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் காற்றழுத்தம் 145 பவுண்டிலிருந்து 116 பவுண்டுக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 1,000 லிட்டர் வெளிக்காற்று வெளிவருகிறது. லாரி டயர் ஒன்றின் தேவையில் பெரும்பகுதி இதிலேயே நிறைவேறிவிடும். ஏரியில் தேக்கிய நீர் வேண்டும்போது பாய்வதைப் போல, தொட்டியில் தேக்கிய காற்று வேண்டிய நொடியில் பாய்கிறது. ஆயினும் தொட்டியின் அழுத்தம் டயருக்கு வேண்டிய அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருத்தல் வேண்டும். இரண்டும் நெருங்க நெருங்க ஓட்டம் மெலிந்துவிடும். டயர் நிரம்பும்போது இறுதிச் சில பவுண்டுகளுக்கு மிகுந்த நேரம் ஆவது இக்காரணத்தினாலேயே.

அடுத்தது பாதை. குழாயின் நீளம் கூடினால் உராய்வு கூடும். விட்டம் குறைந்தால் தடை பன்மடங்காகும். ஒரே நீளமும் ஒரே அழுத்த வேறுபாடும் இருக்கையில், குழாயின் உள்விட்டத்தை இருமடங்காக்கினால் அதன்வழிப் பாயும் காற்று ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகும். குழாய் மடிந்திருத்தல், இணைப்புகள் குறுகலாக இருத்தல், வாயடைப்பு சரியாகப் பொருந்தாமல் காற்று கசிதல் ஆகியவை வாங்கிய திறனை வழியிலேயே இழக்கச் செய்கின்றன.

பாதையின் மிகக் குறுகிய இடம் வால்வு. அதனுள் சுருள்வில்லுடன் கூடிய சிறு ஊசி ஒன்று உள்ளது. தொழிலாளர்கள் இதனைப் 'பின்' என்பர். காற்று உள்ளே செல்ல இந்த ஊசியைச் சுற்றியுள்ள சிறு இடைவெளியே வழி. ஊசியைக் கழற்றிவிட்டு நிரப்பினால் காற்று தடையின்றிப் பாயும். வேண்டிய அழுத்தம் வந்தவுடன் ஊசியைத் திரும்பப் பொருத்த வேண்டும். குழாயை எடுக்காமலே ஊசியைக் கழற்றவும் பொருத்தவும் உதவும் கருவிகளும் உள்ளன. பெரிய டயர்களுக்கு அகன்ற துளையுள்ள வால்வுகளையே பொருத்துகின்றனர்.

நான்கு டயர்களுக்கும் ஒரே நேரத்தில் காற்று நிரப்பும் கிளைக்குழாய் அமைப்பும் உண்டு. ஒரு மூலக் குழாயிலிருந்து நான்கு கிளைகள் பிரிந்து நான்கு வால்வுகளையும் இணைக்கின்றன. நிரப்ப வேண்டிய மொத்தக் காற்றின் அளவு இதனால் குறைவதில்லை. ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்து, குனிந்து, பொருத்தி, அளந்து பார்க்கும் நேரமே மிச்சமாகிறது. இணைக்கப்பட்ட டயர்கள் அனைத்தும் ஒரே அழுத்தத்தை எய்துவது மற்றொரு நன்மை. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் வெவ்வேறு அழுத்தம் தேவைப்படும் ஊர்திகளில், அவற்றைத் தனித்தனி இணைகளாகவே நிரப்ப வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பெரும்பாலான லாரிகளும் பேருந்துகளும் காற்றின் விசையால் இயங்கும் ஏர் பிரேக் அமைப்பைக் கொண்டவை. அதற்கென எஞ்சினோடு இணைந்த கம்ப்ரசரும் காற்றுத்தொட்டியும் ஊர்தியிலேயே உள்ளன. கடைகள் இல்லாத நெடுவழியில் டயரின் காற்று குறைந்தால், அத்தொட்டியிலிருந்து குழாய் இணைத்து நிரப்பிக்கொள்ளும் வசதி பல ஊர்திகளில் உண்டு. ஊர்தியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

வெப்பமும் ஈரமும்

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதை அனைவரும் அறிவர். அமுக்கப்படும் காற்று வெப்பமடைவது இயல்பு. வெப்பத்தை வெளியேற்றாமல் காற்றை எட்டு மடங்கு அழுத்தத்திற்கு ஒரே வீச்சில் அமுக்கினால், அதன் வெப்பநிலை கோட்பாட்டின்படி 250 டிகிரி செல்சியசைத் தாண்டும். சூடான காற்று விரியத் துடிப்பதால் அதனை மேலும் அமுக்குவதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. இதனைத் தவிர்க்கவே பெரிய கம்ப்ரசர்கள் இரண்டு கட்டங்களாக இயங்குகின்றன. முதற்கட்டத்தில் ஓரளவு அமுக்கிய காற்றை இடையில் குளிர்வித்து, இரண்டாம் கட்டத்தில் மீண்டும் அமுக்குகின்றன. இதனால் மின்சாரம் மிச்சமாகிறது. இயந்திரத்தின் ஆயுளும் நீள்கிறது. சிறு கருவிகளைச் சிறிது நேரம் இயக்கியபின் ஓய்வு கொடுக்க வேண்டும் எனக் கூறுவதும் இவ்வெப்பத்தின் பொருட்டே.

கம்ப்ரசர் உள்ளிழுக்கும் காற்றும் கருதத்தக்கது. 27 டிகிரி வெப்பநிலையில் உள்ள காற்றைவிட 37 டிகிரிக் காற்று ஏறத்தாழ 3 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. காற்றோட்டமற்ற மூலையில் தான் வெளிவிட்ட வெப்பத்தையே மீண்டும் உள்ளிழுக்கும் கம்ப்ரசர், அதே மின்சாரத்தில் குறைந்த காற்றையே தரும். தூசி அடைத்த வடிகட்டியும் இதே தீங்கைச் செய்யும்.

வடசென்னை கடலை ஒட்டிய பகுதி. காற்றில் ஈரம் மிகுதி. அமுக்கிய காற்று தொட்டியில் குளிரும்போது அதிலுள்ள நீராவி நீராகித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. தேங்கிய நீர் தொட்டியை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். காற்றுக்குரிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். துருவால் மெலிந்த தொட்டி, அழுத்தம் தாளாமல் வெடிக்கவும் கூடும். தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நாள்தோறும் நீரை வடிப்பது, சில நொடிகளில் முடியும் பெரும் பாதுகாப்பு.

டயரின் அழுத்தத்தை அளக்கும் வேளையும் முக்கியமானது. ஓடிவந்த டயரில் காற்று சூடேறியிருப்பதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். 32 பவுண்டு அழுத்தமுள்ள கார் டயரின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஒன்றரைப் பவுண்டு அளவுக்கு உயரும். அதனைக் கண்டு காற்றை வெளியேற்றினால், டயர் குளிர்ந்தபின் காற்று குறைந்துவிடும். வண்டி புறப்படுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான முறை.

விரைவின் எல்லை

துறைமுகத்தில் ஓர் ஊர்தி நின்றால் அதன் பின்னே ஒரு வரிசை நிற்கும். கப்பலுக்கும் வரிசைக்கும் உள்ள அவசரம், முடிவில் டயரருகே குனிந்திருக்கும் தொழிலாளரிடம் வந்து சேர்கிறது. விரைவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அறிவதும் அறிவியலே.

சதுர அங்குலத்திற்கு 110 பவுண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலங்கள் உள்ளன. எனவே, ஒரு சதுர அடிப் பரப்பின்மீது அக்காற்று செலுத்தும் விசை 15,840 பவுண்டு. அதாவது 7 டன்னுக்கும் மேல். லாரி டயரின் பக்கச்சுவரோ ஒரு சதுர அடியைவிடச் சில மடங்கு பெரியது. இவ்விசை கட்டுக்குள் இருக்கும்வரை சுமை தாங்குகிறது; கட்டுமீறினால் உயிரைப் பறிக்கிறது.

பெரிய ஊர்திகள் பலவற்றின் ரிம் பல பகுதிகளால் ஆனது. டயரை மாட்டியபின் அதனைப் பிடித்துவைக்க 'லாக் ரிங்' எனப்படும் எஃகு வளையம் பொருத்தப்படும். அது பள்ளத்தில் சரியாக அமராமலோ துருவேறியோ இருந்தால், காற்றேறும்போது விசையுடன் தெறித்துவிடும். பக்கச்சுவரின் எஃகுக் கம்பிகள் நலிந்திருந்தால், சுவரே வரிசையாகக் கிழிந்து வெடிக்கும். இவ்விபத்துகளைத் தடுக்கப் பின்வரும் நடைமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

பெரிய டயரை இரும்புக்கூண்டுக்குள் வைத்தே காற்று நிரப்ப வேண்டும். கையால் பிடிக்கத் தேவையின்றி வால்வைத் தானே கவ்விக்கொள்ளும் வாயடைப்பையும் நீண்ட குழாயையும் பயன்படுத்த வேண்டும். காற்றைத் திறக்கும் திருகும் கேஜும் தொலைவில் அமைய வேண்டும். தொழிலாளர் டயரின் பக்கச்சுவருக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது லாக் ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்தல் கூடாது. காற்றை முழுவதும் இறக்கியபின்னரே அதனைத் தொட வேண்டும்.

காற்று மிகக் குறைந்த நிலையில் சுமையுடன் ஓடிவந்த டயருக்கு உடனே காற்றடித்து அனுப்புவது பெருந்தவறு. உரிய அழுத்தத்தில் 80 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ காற்றிருந்த நிலையில் ஓடிய கனரக ஊர்தி டயரை, காற்றை முழுதும் இறக்கிக் கழற்றி ஆராய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. வெளியே வடுவில்லாத டயரின் உள்ளே கம்பிகள் அறுந்திருக்கலாம். ரிம்மில் சரியாகப் படியாத டயர் விளிம்பைப் பொருத்துவதற்காக எரியும் திரவத்தை உள்ளே ஊற்றிப் பற்றவைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது எவ்வகையிலும் பின்பற்றத்தகாதது. தேக்கிய காற்றை அகன்ற வாயின்வழி ஒரே மூச்சில் செலுத்தும் சிறு தொட்டிக்கருவிகள் அதே பணியைத் தீயின்றி முடிக்கின்றன.

இந்நடைமுறைகளால் நேரம் வீணாகும் எனக் கருதுதல் பொருந்தாது. அகன்ற குழாயும் நிரம்பிய தொட்டியும் சில நிமிடங்களை மிச்சப்படுத்தித் தருகின்றன. அந்நிமிடங்களில் ஒரு பகுதியே வளையத்தைத் துடைத்துப் பார்ப்பதற்கும் டயரைக் கூண்டுக்குள் ஏற்றுவதற்கும் போதுமானது.

கையின் அறிவு

பட்டறைகளில் பணிபுரிவோர் பலர் பாயிலின் பெயரைக் கேட்டிராதவர்கள். எனினும், தொட்டி நிரம்பும்வரை காத்திருப்பதும், பின்னைக் கழற்றிக் காற்றைப் பாயவிடுவதும், ஓடிவந்த டயரை ஆறவிடுவதும் அவர்தம் அன்றாடப் பழக்கங்கள். பட்டறிவால் அவர்கள் கண்டதையே விதிகள் எண்களால் உரைக்கின்றன. பட்டறிவோடு கணக்கும் சேரும்போது தொழில் விரைவு பெறுகிறது, பாதுகாப்பும் பெறுகிறது.

பெட்டகம் ஏற்றிய ஊர்தி ஒன்று வியாசர்பாடியைக் கடந்து வடக்கே விரைகிறது. அதன் சுமையைப் பற்றியும் விலையைப் பற்றியும் ஆவணங்கள் உள்ளன. அதைத் தாங்கும் காற்றுக்கு ஆவணம் ஏதுமில்லை. கேஜின் முள்ளைப் பார்த்து, வால்வின் மூடியைத் திருகி, 'போகலாம்' என்று சொன்ன ஒருவரின் சொல்லே அதற்குச் சான்று. அச்சொல்லைச் சொல்பவர் மாலையில் நலமுடன் வீடு திரும்ப வேண்டும். காற்றின் கணக்கு அப்போதுதான் நேராகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள காற்றடிக்கும் கடைக்குச் சென்று, அங்குப் பயன்படுத்தப்படும் கருவிகளின் பெயர்களையும் அவற்றின் பயன்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. அத்தொழிலில் வழங்கும் பிறமொழிச் சொற்களுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை உருவாக்கி வகுப்பில் கலந்துரையாடுக.

3. மிதிவண்டியின் டயரில் காற்று குறைந்திருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் அது தரையைத் தொடும் பரப்பைச் சுண்ணப்பொடி தூவி அளந்து ஒப்பிடுக.

மதிப்பீடு

குறுவினா

1. சாலை சாரா ஊர்திகள் என்பன யாவை? எடுத்துக்காட்டுத் தருக.

2. கம்ப்ரசரின் தொட்டியில் நீர் தேங்குவது ஏன்?

சிறுவினா

1. மணலில் செல்லும் ஊர்தியின் டயரில் காற்றைக் குறைப்பதற்கும், சாலையில் அதனைக் கூட்டுவதற்கும் உரிய காரணங்களை எழுதுக.

2. உட்கொள்ளளவு 100 லிட்டர் உடைய டயரில் 44.1 பவுண்டு அழுத்தம் உண்டாக்கத் தேவைப்படும் வெளிக்காற்றின் அளவைக் கணக்கிடுக. நிமிடத்திற்கு 60 லிட்டர் தரும் கம்ப்ரசருக்கு எவ்வளவு நேரமாகும்?

நெடுவினா

1. 'விரைவும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல' – காற்று நிரப்பும் தொழிலை முன்வைத்து விளக்குக.